ஆர்.டி.என். விடுவிக்கப்பட வேண்டும்

என் மனைவி லிஃப்டுக்குள் சுருங்கிக்கொண்டிருக்கிறாள். லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நிற்கிறது. லிஃப்டில் மாட்டிக்கொள்பவர்கள் சுருங்குவது எங்கள் அடுக்ககத்தில் வழக்கம்தான். முதலில் பேச்சு குறையும். அடுத்து உடம்பு. கடைசியில் பெயர். பெயரின் முதல் எழுத்து மட்டும் மிஞ்சும்.

முதல் மாடி சுந்தரவரதன் போன மழைக்காலத்தில் மாட்டியவர். வங்கி மேலாளராக இருந்தவர், நல்ல உயரம். இப்போது சு. மட்டும்தான். அவர் மனைவி அவரை ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறார். காலை வெயில் அவருக்கு ஒத்துக்கொள்கிறதாம். படியிறங்கும்போது நாங்கள் எல்லோரும் அவருக்கு வணக்கம் சொல்வோம். அவர் பதிலுக்கு 'வ.' என்பார்.

என் மனைவியின் பெயர் மங்கையர்க்கரசி. அந்தப் பெயரை யாரும் சுருக்கக் கூடாது என்பதில் அவள் பிடிவாதக்காரி. பள்ளிக்கூடத்தில் மங்கை என்று கூப்பிட்ட டீச்சருக்கு அவள் ஒரு வருஷம் முழுக்க 'உள்ளேன்' சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் நான் ஆசையாக அரசி என்று கூப்பிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"முழுசாக் கூப்பிடுங்க," என்றாள், கீரையைப் பார்த்தபடி.

அன்றிலிருந்து முழுசாகத்தான் கூப்பிடுகிறேன். அடுப்பில் பால் பொங்கினாலும், வாசலில் ஆட்டோ நின்றாலும் அத்தனை எழுத்தையும் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, அதைச் சொல்லாத நாள் நாளாகவே தோன்றவில்லை.

அவள் கறிவேப்பிலை வாங்கக் கீழே போனவள். திரும்பும்போது லிஃப்ட் நின்றுவிட்டது. மூன்றாம் மாடிக் கதவின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு இருந்தது. நான் தரையில் குப்புறப் படுத்து அதில் காதை வைத்தேன்.

"என்னங்க, குக்கரை இறக்கிட்டீங்களா? நீங்க பாட்டுக்கு ஃபோனைப் பாத்துட்டு நின்னா அடிப்பிடிச்சிரும். கறிவேப்பிலை எங்கிட்டதான் இருக்கு. வெளிய வந்ததும் தாளிச்சுக்கலாம்," என்றாள்.

அதுதான் அவள் கடைசியாகச் சொன்ன நீளமான பேச்சு. அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லியிருப்பேன்.

நான் ஒரு கடப்பாரை கொண்டுவந்தேன். நுனியை இடுக்கில் விட்டு நெம்பினேன். வெளியே எடுத்தபோது அது ஸ்க்ரூ டிரைவராக இருந்தது. அடுத்து தோசையைச் சுருட்டி உள்ளே தள்ளினேன். முழுத் தோசை உள்ளே போனதும் ஒரு வாய் ஆகிவிடுகிறது என்றாள். நான் தோசைகளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

லிஃப்ட் மெக்கானிக் ஜெரால்டு ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இடுப்பில் சாவி தொங்கியது. கையேட்டைப் பிரித்து ஒரு வரியை எனக்குக் காட்டினார். 'கதவைத் திறக்கும் முன் ஆர்.டி.என். விடுவிக்கப்பட வேண்டும்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"தொறக்கறது அஞ்சு நிமிஷ வேலை சார்," என்றார். "ஆனா ஆர்.டி.என்.னை விடுவிக்கணும்னு போட்டிருக்கான்."

"விடுவிக்காம தொறந்தா?"

"என்ன ஆகும்னு போடல. போட்டிருந்தா தொறந்திருப்பேன்."

அவர் நல்ல மனிதர். இன்னும் இரண்டு விஷயங்களைச் சொன்னார். இந்தக் கம்பெனியின் லிஃப்டுகள் ஊர் முழுக்க இருந்தாலும் உள்ளுக்குள் எல்லாம் ஒன்றுதானாம். சுருங்கியவர்கள் கதவு திறந்ததும் தாங்களாக வெளியே வர மாட்டார்களாம். பெயர் காதில் விழுந்தால்தான் வருவார்களாம். அதுவரைக்கும் கண்ணுக்கே தெரிய மாட்டார்களாம். பெயரைச் சொல்வது எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை என்று அவரிடம் சொன்னேன்.

கையேட்டின் அட்டையில் 'ஆங்கில வாசகர்களுக்கு மட்டும்' என்று போட்டிருந்தது. அதனால் குடியிருப்போர் சங்கத்தின் அவசரக் கூட்டம் மாடிப்படியில் நடந்தது. செயலாளர் உத்தண்டராமன் மேல் படியில் நின்றார். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம்தானே என்று கேட்டார். தபால் வழியில் படித்தது என்றேன். தபாலில் வந்ததும் ஆங்கிலம்தானே என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அடுக்ககத்தின் ஆங்கில வாசகன் ஆனேன்.

கையேடு செங்கல் கனம் இருந்தது. பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டில் செய்த லிஃப்ட் அது. அந்த நாட்டு மொழியிலிருந்து எல்லாச் சொற்களையும் ஆங்கிலமாக்கிவிட்டார்கள். சுருக்கங்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. முக்கியமான இடம் வரும்போது மட்டும் சொல் ஒதுங்கிக்கொண்டு எழுத்துகள் நின்றன.

'எச்.யூ. ஈரமாக இருக்கும்போது கதவைத் தொடாதீர்கள்' என்றது ஒரு பக்கம். நான் லிஃப்டைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். சுவர் காய்ந்திருந்தது. தீயணைப்பு வாளி காய்ந்திருந்தது. என் உள்ளங்கைகள் மட்டும் ஈரமாக இருந்தன. ஒருவேளை நான்தான் எச்.யூ.வோ என்று சந்தேகம் வந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

'பி.ஜி. இடது பக்கம் சாய்ந்திருந்தால் கவலைப்பட வேண்டாம்' என்றது இன்னொரு பக்கம். இடது பக்கம் சாய்ந்து பார்த்தேன். கவலை குறையவில்லை.

'கே.எஃப். அழுதால் மின்சாரத்தைத் துண்டிக்கவும்' என்றும் இருந்தது. அதற்குள் அவள் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாதவளாக ஆகியிருந்தாள். "சாப்டாச்சா நீங்க," என்று இடுக்கு வழியாகக் கேட்டாள். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். உடனே மின்சாரம் போய்விட்டது. உத்தண்டராமன் வெளியே வந்து, இங்கே யார் கே.எஃப். என்று கோபமாகக் கேட்டார்.

கையேட்டை எத்தனை முறை படித்தும் ஆர்.டி.என். என்பது எங்கேயும் விளக்கப்படவில்லை. பல்சக்கரமாக இருக்கலாம். எண்ணெயாக இருக்கலாம். லிஃப்டின் கூரையில் தூங்கும் ஏதாவது பிராணியாகக்கூட இருக்கலாம். ஆங்கில வாசகன் என்ற முறையில் எனக்கு அவமானமாக இருந்தது. பின் அட்டையைத் திருப்பினேன். ஆங்கிலமாக்கிய அலுவலகத்தின் முகவரி பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் தெருதான். எங்கள் அடுக்ககம்தான். மூன்றாம் மாடி, கிழக்கு நடை.

மூன்றாம் மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். கிழக்கு நடை என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. உத்தண்டராமனைக் கேட்டேன். அது விற்காமல் போன பகுதி, அதனால் யாரும் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை என்றார். என் வீட்டுக் கதவுக்குப் பக்கத்திலேயே அது இருந்தது.

இடுக்கில் வாயை வைத்து, போய்விட்டு வந்துவிடுகிறேன் மங்கையர்க்கரசி என்றேன்.

"பா. போ.," என்றாள்.

பாத்துப் போங்க என்கிறாள். என்னால் விரித்துக்கொள்ள முடிந்தது. அவளோடு குடும்பம் நடத்தியவன் நான்தானே. வேறு யாரும் கேட்டிருந்தால் விளங்கியிருக்காது.

நடை நான் நடக்க நடக்க நீண்டது. ஓடினேன். அதுவும் வேகமாக நீண்டது. மூச்சு வாங்கியது. ஓரமாக இருந்த கதவுகளைத் தட்டினேன். திறந்தவர்கள் எல்லோரும், இன்னும் கொஞ்ச தூரம்தான் என்றார்கள். ஒரு வீட்டில் சீமந்தம் நடந்துகொண்டிருந்தது. என்னை உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். வேறொரு வாசலில் செருப்புகள் மட்டும் வரிசையில் நின்றன. கடைசியில் நான் மெதுவாக, எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்பதுபோல நடந்தேன். நடைக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. நின்றுவிட்டது.

அலுவலகம் பெரிய கூடம். வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் ஏதாவது ஒரு யந்திரத்தின் கையேட்டை ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்தார். சொல் வந்தால் ஆங்கிலமாக்கினார்கள். சுருக்கம் வந்தால் கத்தரிக்கோலால் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்தார்கள். வெட்டியதைத் தாம்பாளத்தில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, உள்ளே சுருக்கப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் தாம்பாளம் திரும்பி வந்தது. சுருக்கங்கள் போனபடியே இருந்தன. சந்தன வாசனை மட்டும் கூடியிருந்தது. அவற்றைப் பழைய இடத்தில் ஒட்டினார்கள்.

சுருக்கப் பிரிவின் கண்காணிப்பாளர் எஸ்தர் என்ற அம்மாள். தோளில் ஸ்வெட்டர் போட்டிருந்தார். டிபன் டப்பாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். லிஃப்டையும் மனைவியையும் பற்றிச் சொல்லிவிட்டு, ஆர்.டி.என். என்றால் என்ன என்று கேட்டேன்.

"என்னவா?" என்றார். "சாரைப் போயி என்னன்னு கேக்கறீங்களே."

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். வெகு காலத்துக்கு முன்பு இந்தக் கையேட்டைக் கையில் எடுத்த முதல் மொழிபெயர்ப்பாளர், நடுவில் புள்ளி வைத்த மூன்று எழுத்துகளைக் கண்டார். புள்ளி வைத்த மூன்று எழுத்து ஒரு மேலதிகாரியாகத்தான் இருக்க முடியும். அவர் மரியாதையாக எழுந்து நின்றார். அவர் நிற்பதைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் எழுந்தார். பிறகு கூடமே எழுந்தது. எழுந்தபின் ஓர் அறை ஒதுக்காமல் இருக்க முடியுமா? ஒதுக்கினார்கள். அன்றிலிருந்து இந்தப் பிரிவு ஆர்.டி.என். சாரின் கீழ்தான் இயங்குகிறது.

அறையைக் காட்டினார். பெரிய மேசை. சுழல் நாற்காலி. நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துவாலை விரித்திருந்தது. மேசையில் ஆவி பறக்கும் காபி. யாரும் இல்லை.

"சார் சீட்ல இல்ல," என்றார் எஸ்தர்.

எப்போது வருவார் என்று கேட்டேன். தான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சார் சீட்டில் இல்லை என்றார். டபேதார் மாசிலாமணி தினமும் துவாலை மாற்றுகிறார். காபி வைத்து, ஆறியதும் எடுத்துக்கொண்டு போகிறார். பொங்கலுக்குச் சாருக்கும் ஒரு கரும்பு சாத்திவைக்கிறார்கள். கெடுபிடியான அதிகாரி என்றாலும் மனசு தங்கம் என்றார்.

சரி, அவருடைய முழுப் பெயர் என்ன என்று கேட்டேன். கூடத்தில் மின்விசிறிகள் நின்றன. கத்தரிக்கோல்கள் நின்றன.

"உங்க ஆபீஸ்ல பெரிய சார் பேரை முழுசாச் சொல்லுவீங்களா?" என்று எஸ்தர் கேட்டார்.

எனக்கு எங்கள் காப்பீட்டு அலுவலகத்தின் ஜி.எஸ்.பி. சார் நினைவுக்கு வந்தார். அவருக்குக் கீழே எத்தனையோ வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அவர் மகள் கல்யாணத்தில் பந்தியில் பரிமாறியிருக்கிறேன். அந்த ஜி என்னவென்று எனக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்திருப்பார்கள். நான் பார்க்கவில்லை.

அவரை விடுவித்தால்தான் என் மனைவி வெளியே வருவாள் என்று கெஞ்சினேன். எஸ்தருக்கும் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆள் சீட்டில் இருந்தால் விடுவிக்கலாம், இல்லாதவரை எப்படி விடுவிப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாற்காலியைப் பார்த்தேன். எஸ்தரும் நாற்காலியைப் பார்த்தார். பிறகு இருவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

நான் போய் அதில் உட்கார்ந்தேன்.

கூடம் மொத்தமும் எழுந்து நின்றது. மாசிலாமணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு சலாம் வைத்தார். என்னை உடனே விடுவியுங்கள் என்றேன். எஸ்தரின் குரல் மாறிவிட்டது. பணிவு வந்துவிட்டது.

"சார் இப்பதானே சார்ஜ் எடுத்திருக்கீங்க. பிரிவு உபசாரம் இல்லாம எப்படி சார் அனுப்பறது? பழகினவங்களுக்குத்தானே பிரிவு உபசாரம். கொஞ்ச நாள் பழகிடுங்க."

பழக ஆரம்பித்தேன். வேறு வழி தெரியவில்லை.

மேசையில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. லிஃப்டுக்குள் இருக்கும் உதவிப் பொத்தானை அழுத்தினால் பொறுப்பதிகாரிக்கு மணி அடிக்கும், அது இதுதான் என்றார் மாசிலாமணி. நான் அதைக் கட்டிப்பிடிக்காத குறை. எடுத்து, மங்கையர்க்கரசி என்றேன். மறுமுனையில் மூச்சு கேட்டது.

"கு. இ.?" என்றாள்.

குக்கர் இறக்கியாச்சா என்கிறாள். இறக்கியாச்சு என்றேன். அடிப்பிடித்துவிட்டது என்பதைச் சொல்லவில்லை. அவள் முழுசாக இருக்கும்போது திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன்.

அலுவலக வேலை சுலபம். தாம்பாளம் உள்ளே வரும். துணியை விலக்குவேன். சுருக்கங்களைப் பார்ப்பேன். அவை என்னைப் பார்க்கும். ஓரத்தில் ஆர்.டி.என். என்று கையெழுத்துப் போடுவேன். வெளியே போகும். ஒரு சுருக்கம்கூட எனக்குப் புரிந்ததில்லை. புரியவில்லை என்று சொல்ல நான் இப்போது ஆங்கில வாசகனும் இல்லை.

அறைக்குள் பேச்சும் தானாகக் குறைந்தது. முதலில் காபி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கா. என்றேன். மாசிலாமணி கொண்டுவந்தார். ஜன்னலைச் சாத்து என்பதற்கு ஜ. சா. போதுமானதாக இருந்தது. எல்லோருக்கும் என்னைப் புரிந்தது. புரியாவிட்டாலும் தலையாட்டினார்கள். வசதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மணி அடிக்கும்போது மட்டும் முழுப் பெயரைச் சொன்னேன். ஒருநாள் 'மங்கையர்' வரை வந்துவிட்டு நின்றேன். மீதியைத் தேட வேண்டியிருந்தது. மேசைக்கு அடியில் எதையோ தவறவிட்டவன்போல உண்மையிலேயே குனிந்து பார்த்தேன். அவள் மறுமுனையில் காத்திருந்தாள். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். பயத்தில் சட்டை நனைந்துவிட்டது. என்னை இப்போதே அனுப்புங்கள் என்று எஸ்தரிடம் கத்தினேன். கத்தியதில் 'எ. இ. அ.' என்றுதான் வெளியே வந்தது. ஆனாலும் அவர் புரிந்துகொண்டார். சார் கிளம்ப ஆசைப்படுகிறார் என்று கூடத்தில் அறிவித்தார்.

பிரிவு உபசாரம் தொடங்கியது. பொன்னாடை போர்த்தினார்கள். அதன்மேல் இன்னொரு பொன்னாடை. ரோஜா மாலை. ஒவ்வொருவராக வந்து என்னைப் பற்றிப் பேசினார்கள். நான் ஒருமுறை கோபத்தில் மைப்புட்டியை வீசியதைச் சொன்னார் ஒருவர். பிரசவத்துக்கு ஊருக்குப் போன பெண்ணை நானே பேருந்து ஏற்றிவிட்டதை ஒருவர் சொன்னார். எல்லாம் நான் வருவதற்கு வெகு காலம் முன்பு நடந்தவை. எஸ்தர் பேசும்போது அழுதுவிட்டார். கேட்கக் கேட்க எனக்கும் அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது.

நடுவில் தொலைபேசி மணி அடித்தது. பாராட்டுரை நடக்கும்போது பாராட்டப்படுபவர் எழுந்து போகக் கூடாதாம். இரண்டு பொன்னாடைகளும் மாலையும் என்னை அழுத்தின. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்து பேச இன்னும் ஒரு வரிசை பாக்கி இருந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. கடைசியில் மாசிலாமணி மனசு கேட்காமல் கருவியை எடுத்து என் காதில் வைத்தார்.

"ம.," என்றாள்.

அவ்வளவுதான். வேறு எதுவும் வரவில்லை. அவள் தன்னிடம் மிஞ்சியிருப்பதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

பேச்சை நிறுத்துங்கள் என்று மேசையைத் தட்டினேன். நிறுத்தினார்கள். விடுவிப்பு ஆணை வந்தது. லிஃப்டிலிருந்து யார் வெளியே வர வேண்டும் என்பதை அதில் என் கையால் எழுத வேண்டும். அந்தப் பெயரைத்தான் லிஃப்டுக்குள் கூப்பிடுவார்கள். நான் பேனாவை எடுத்தேன். மங்கையர்க்கரசி என்று எழுதப்போனேன். எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முழுசா எழுதினா அது சொல்லாயிடும் சார். சொல்லுன்னா கூடத்துக்குப் போயிடும். இங்கிலீஷ் ஆக்கிடுவாங்க. அப்புறம் வர்றது உங்க வீட்டம்மாவா இருக்காது. சுருக்கினாத்தான் சார் அப்படியே போகும்."

கூடத்தைப் பார்த்தேன். மேசைக்கு மேசை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்கள். அவர்கள் ஒரு சொல்லையும் விட்டுவைத்ததில்லை. யாரோ ஓர் ஆங்கில ராணி என் வீட்டுச் சமையலறையில் வந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். தொலைபேசியில் மூச்சு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் குறைந்துகொண்டே வந்தது.

ம. என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். கீழே ஆர்.டி.என். என்று கையெழுத்துப் போட்டேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். மாசிலாமணி நாற்காலியிலிருந்து துவாலையை எடுத்து மடித்து என்னிடம் கொடுத்தார். ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். நான் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். இந்த முறை நடை நீளவில்லை. ஓர் எட்டு வைத்ததும் என் வீட்டு வாசல் வந்துவிட்டது.

லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து திறந்து நின்றது. ஜெரால்டு சாவியோடு பக்கத்தில் நின்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். கையில் டிபன் கேரியர் இருந்தது. மங்கையர்க்கரசி இல்லை. ம. என்று கூப்பிட்டது காதில் விழுந்ததாகவும், அதனால் வந்ததாகவும் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நர்ஸ் உடையில் ஒரு பெண் வந்தாள். பிறகு கல்லூரிப் பை மாட்டிய ஒருத்தி. பிறகு கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மாள். எல்லோரும் ஊரில் இருக்கும் மற்ற லிஃப்டுகளில் சுருங்கியவர்கள். எல்லோரும் ம.தான். மரகதமோ, மரியபுஷ்பமோ, மஹ்மூதாவோ. முறைப்படி ஆணையோடு விடுவிக்கப்பட்டதால், சு.வைப் போல் இல்லாமல், வெளியே கால் வைத்ததும் வளர்ந்து பழைய உயரத்துக்கு வந்தார்கள். சந்தோஷத்தில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

மாடிப்படி நிறைந்துவிட்டது. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு ஓடினேன். உத்தண்டராமன் எல்லோரையும் எந்த வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, வேண்டிய ஆள் கிடைத்தாரா தா. சார் என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. என் பெயர் தாவில் தொடங்கும் என்பது வரை எனக்கும் நினைவிருந்தது.

அவள் அவர்களில் யாருமில்லை. கடைசிப் பெண்ணும் வெளியே வந்துவிட்டாள்.

லிஃப்ட் காலியாக இருந்தது. நான் தலையை உள்ளே நீட்டினேன். பச்சையாகக் கறிவேப்பிலை வாசனை வந்தது. அவள் அங்கேதான் இருந்தாள். ம. என்று கூப்பிட்டதும் காதில் விழுந்துதான் இருக்கும். விழுந்தும் அசையவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் அசைந்ததே இல்லை. எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆசை பொங்கியது. எழுதும்போது இதை எப்படி மறந்தேன் என்று அழுகை வந்தது.

"கதவு ரொம்ப நேரம் நிக்காது சார்," என்றார் ஜெரால்டு. "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. வந்துருவாங்க."

துவாலையையும் கடிகாரத்தையும் கீழே வைத்தேன். வாசலில் மண்டியிட்டேன். கதவு மெல்ல நகரத் தொடங்கியது. நான் தோளைக் கொடுத்து அதை நிறுத்திப் பிடித்தேன். தோள் சின்னதாகிக்கொண்டு வந்தது. வலிக்கவில்லை.

உள்ளேயிருந்து, தரையோடு தரையாக அவள் குரல் கேட்டது.

"மு. கூ.," என்றாள்.

புரிந்தது. கூப்பிடத்தானே வந்திருக்கிறேன். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன். அவள் பெயரை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"ம.," என்றேன்.

படி முழுக்க நின்றிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.